சரியாச்சா அண்ணன்

"நன்றின்னு ஒரு வார்த்தை போட்டுட்டா ஆச்சா? என்ன ஆச்சுன்னு சொல்ல வேண்டாமா?" என்று கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக் கடிந்துகொண்டே ஒற்றை விரலால் தட்டுகிறார் அண்ணன். தட்டுவது ஒரே சொல்: சரியாச்சா? எங்கோ ஒரு துணிக்கடையில் லிஃப்ட் கதவு பாதி மூடித் திரும்பத் திறந்துகொள்கிறது என்று ஒரு மெக்கானிக் எழுதிக் கேட்டிருக்கிறார். நாலு பேர் யோசனை சொல்லியிருக்கிறார்கள். கேட்டவர் நன்றி சொல்லிவிட்டுக் காணாமல் போய்விட்டார். அப்படியெல்லாம் போக இவர் விடமாட்டார். நாளைக்கும் கேட்பார், அடுத்த வாரமும் கேட்பார்.

லிஃப்ட் மெக்கானிக்குகளுக்காக மெயில் குழு ஒன்றை இருபது வருடத்துக்கும் மேலாக நடத்தி வருகிறார். லிஃப்ட் மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாகிவிட்டது, குழுவிலிருந்து ஓய்வு பெறவில்லை. யார் என்ன கேட்டாலும் முதலில் இவர் படித்து, இவர் அனுமதித்த பிறகுதான் மற்றவர்களுக்குப் போகும். அங்கே ஒரே ஒரு சட்டம். கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, கோளாறு கடைசியில் எது, எப்படித் தீர்ந்தது என்று ஒரு வரி எழுதியாக வேண்டும். "வழி கேட்டுட்டுப் போனவன் வீடு போய்ச் சேர்ந்தானான்னு தெரிய வேண்டாமா?" என்பார். பெற்றோர் வைத்த பெயரை மறந்து, குழுவில் எல்லோரும் அவரைச் 'சரியாச்சா அண்ணன்' என்றே கூப்பிடுகிறார்கள்.

அவர் மூன்றாம் மாடி, நான் ஐந்தாம் மாடி. எனக்கு அவர் மேல் ஒரு புகார் உண்டு. எங்கள் கட்டிடத்து லிஃப்ட், யாரும் கூப்பிடாமலே மூன்றாம் மாடியில் போய் நிற்கும். கதவு திறக்கும். வெளியே ஈ காக்கை இருக்காது. நாம் காய்கறிப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிய பிறகு, ஆற அமர மூடிக்கொண்டு மேலே போகும். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்களே, அந்தக் கதைதான். ஊர் உலகத்து லிஃப்டெல்லாம் இவரைக் கேட்டு ஓடுகிறது, இவர் வாசலில் இருப்பது மட்டும் இப்படி. கட்டிடச் சங்கத்துச் செயலாளரிடம் சொன்னால், "நம்ம சார்தான் பாத்துக்கறேன்னு சொல்லியிருக்காரே" என்பார். மூன்று வருடமாக அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வீட்டில் முன்னறை மேஜைதான் அவருடைய இடம். இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் அவர், இன்னொன்றில் தேய்த்து மடித்த சட்டைகள். நான் போனால் சட்டைகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். சட்டைப் பையில் இப்போதும் டெஸ்டர் இருக்கும். மேஜையில் காகிதங்கள் பறக்காமல் இருக்க, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத ஒரு புது லிஃப்ட் பட்டனை வைத்திருப்பார். பேசிக்கொண்டிருக்கும்போது வெளியே லிஃப்ட் கதவு திறக்கும் சத்தம் கேட்டால், பேச்சை நிறுத்தி வாசல் பக்கம் தலையைத் திருப்புவார். மூடிய பிறகு, விட்ட இடத்திலிருந்து தொடர்வார். மெக்கானிக் காது என்று நினைத்துக்கொள்வேன்.

அவர் வீட்டம்மா மகளின் பிரசவத்துக்காக வெளிநாடு போனவர், இன்னும் திரும்பவில்லை. குழந்தை தவழட்டும் என்றார்கள், நடக்கட்டும் என்றார்கள். இப்போது அது ஓடுகிறது. சாயங்காலத்தில் போன் வரும். ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவதால் எனக்கும் கேட்கும்.

"ஏங்க, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு, ஆச்சு."

"இவளை ஸ்கூல்ல சேர்த்துட்டா வந்துடுவேன்."

"அவசரமில்ல. மெதுவா வா."

முகம் தெரியாத மெக்கானிக்குகளைத் துரத்தித் துரத்திக் கேட்கிற மனிதர், சொந்த மனைவியிடம் எப்போது வருகிறாய் என்று ஒரு தடவையாவது கேட்டு நான் பார்த்ததில்லை. போனை வைத்துவிட்டுக் குழுவைத் திறப்பார். அங்கேதான் அவரோடு பேச ஆள் உண்டு. வேறு எங்கும் இல்லை.

அந்தக் குழுவுக்குத்தான் சமீபத்தில் ஆபத்து வந்தது. இத்தனை வருடம் இணையத்தில் இடம் கொடுத்த நிறுவனம், கடையைக் கட்டப் போகிறோம், வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கடிதம் அனுப்பிவிட்டது. இளவட்டங்கள் போன் குழுவுக்குப் போய்விடலாம் என்றார்கள். அண்ணன் ஒப்பவில்லை. "போன்லயா? ஆளாளுக்குப் பூப்படம் போட்டு காலை வணக்கம் சொல்லுவான். ரோப் அறுந்து தொங்குதுன்னு ஒருத்தன் எழுதினது அடியில போயிடும்" என்றார். கடைசியில் விவாதக் குழுக்களுக்கென்றே இருக்கும் ஒரு புதுத் தளத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று கட்டிடத்தில் ஒரு வதந்தி உண்டு. அதை நம்பி அண்ணன் என்னைத் துணைக்குக் கூப்பிட்டார்.

புதுத் தளத்தில் ஒரு சங்கடம். ஆட்களை நாமே அள்ளிக்கொண்டு போய்ச் சேர்க்க முடியாது. அழைப்பு அனுப்பலாம், ஒவ்வொருவரும் அவரவராக வந்து சேர வேண்டும். அழைப்பு போயிற்று. முதல் நாள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். அதற்குப் பிறகு சிந்தினாற்போல ஒருவர், இருவர். பழைய இடம் மூடுகிற நாள் நெருங்கியது. அண்ணன் தினமும் பக்கத்தைத் திறந்து உறுப்பினர் எண்ணிக்கையைப் பார்ப்பார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்ப்பார்.

"பிஸியா இருப்பாங்க தம்பி" என்றார் ஒரு நாள். கொஞ்சம் கழித்து, "இல்லேன்னா, எத்தனை நாளைக்கு இந்தக் கிழவனோட தொல்லைன்னு இருந்துட்டாங்களோ" என்றார். நான் மடியிலிருந்த சட்டைகளை இன்னொரு தடவை மடித்தேன்.

சரி, பழைய கடிதங்களையாவது கொண்டுபோய்ச் சேர்ப்போம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தோம். மொத்தமாக ஏற்றுகிற வசதி இருந்தது. அதன் பக்கத்தில், எல்லோருக்கும் மெயிலிலும் அனுப்பு என்று ஒரு சின்னக் கட்டம், அதில் ஏற்கெனவே ஒரு டிக். அதை எடுக்க வேண்டும் என்று அவருக்கும் தெரியவில்லை, வதந்திக்குரிய எனக்கும் தெரியவில்லை. ஏற்றினோம். இத்தனை வருடத்துக் கேள்விகளும், இப்போதுதான் யாரோ கேட்டது போல, அழைப்பு போன எல்லோருக்கும் புதுக் கடிதங்களாகப் போய் விழுந்தன.

திட்டுவார்கள் என்று அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். நடந்தது வேறு. 'ஆஸ்பத்திரி லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்குது, உள்ளே பேஷன்ட் இருக்கார்' என்று ஒரு கடிதம். அதைப் படிக்கிற லிஃப்ட் மெக்கானிக் எவனும் தேதியைப் பார்க்க மாட்டான். பதில் எழுத வேண்டுமானால் சேர வேண்டும், அதனால் அடித்துப் பிடித்துச் சேர்ந்தார்கள். முதலில் பவரை ஆஃப் பண்ணு, ஆளைக் கதவுகிட்ட வரவிடாதே என்று மளமளவென்று எழுதினார்கள். அவர்களில் நீளமாக, பொறுமையாக எழுதியவர், பல வருடத்துக்கு முன்பு அந்தக் கேள்வியைக் கேட்டவரேதான். தன் கேள்வி என்று அவருக்கே தெரியவில்லை. அண்ணன் சிரித்துச் சிரித்து இருமினார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

சாயங்காலத்துக்குள் பாதிக் குழு வந்துவிட்டது. விஷயம் புரிந்ததும் கேலி கிளம்பியது. பழைய கேள்விகளைக் கிளறிப் படித்தவர்களில் ஒருவர், அண்ணனே கேட்ட ஒன்றைத் தோண்டி எடுத்துவிட்டார். மூன்று வருடத்துக்கு முந்தையது. 'எங்கள் கட்டிடத்தில் லிஃப்ட், யாரும் கூப்பிடாமலே மூன்றாம் மாடியில் நின்று திறக்கிறது. இத்தனை நாள் காதில் விழவில்லை. இப்போது வீட்டில் ஆள் இல்லாததால் கேட்கிறது.' அதன் கீழே, அந்த மாடிப் பட்டன் உள்ளே ஒட்டிக்கொள்கிறது, புதிது வாங்கி மாற்றினால் பத்து நிமிஷ வேலை என்று அப்போதே பதில் இருந்தது. அதற்கும் கீழே ஒன்றும் இல்லை. குழுவில் முடித்துவைக்காத கேள்வி அது ஒன்றுதானாம்.

"அண்ணே, சரியாச்சா?" என்று ஒருவர் எழுதினார். அதைப் பார்த்து இன்னொருவர். அப்புறம் வரிசையாக, அவர் பெயரையே அவரிடம் திருப்பிக் கொடுத்தார்கள்: சரியாச்சா? சரியாச்சா?

அண்ணன் சிரித்துக்கொண்டேதான் தட்ட ஆரம்பித்தார். 'நாளைக்கு மாத்திடறேன்' என்று எழுதி முடித்தார். அனுப்பவில்லை. வெளியே லிஃப்ட் வந்து நின்றது. கதவு திறந்தது. அவர் தலை வாசல் பக்கம் திரும்பியது. நானும் திரும்பினேன். காலடிச் சத்தம் எதுவும் இல்லை. கதவு மூடி, லிஃப்ட் கிளம்பிப் போகும்வரை அவர் அப்படியே இருந்தார்.

பிறகு எழுதியதை அழித்துவிட்டு, 'இன்னும் இல்ல' என்று தட்டி அனுப்பினார். காகிதங்களின் மேலிருந்த புதுப் பட்டனை எடுத்து, உறையின் தூசியைக் கட்டைவிரலால் துடைத்து, மேஜை இழுப்பறையின் உள்பக்கமாகத் தள்ளி மூடினார்.