பன்னிரண்டு ராசிக்கும் ஒரே பலன்

எங்கள் பத்திரிகை தவறே செய்யாது. தப்பித்தவறிச் செய்துவிட்டால் ஏழாம் பக்கத்தில், டெண்டர் அறிவிப்புகளுக்கு அடியில், தீப்பெட்டி அளவு கட்டம் கட்டி வருந்தும். பதினெட்டு ஆண்டுகளாக நிறுவனத்தின் சார்பில் வருந்திவந்தவருக்கு அலுவலகத்தில் 'வருத்தம்' என்றே பெயர். ராசிபலனும் அவர் பொறுப்புதான். இரண்டுக்கும் ஒரே மேஜை, ஒரே முகம்.

ஒரு திங்கட்கிழமை முதல் பக்கத்தில் நகைத் திருடி பிடிபட்ட செய்தி வந்தது. செய்தி சரி. படம் மட்டும், திருடியை அடையாளம் காட்டிய தையல்கார அம்மாளுடையது. மறுநாள் அவர் பேப்பரும் கையுமாக வந்து நின்றார்.

"திருடிகிட்ட யாருண்ணே துணி குடுப்பாங்க? ஆறு பேர் வெட்டாத துணியைத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாங்க. அதுகூடப் போகட்டும். என் மகளோட சிநேகிதி என்னைப் பாத்துட்டு வாசலோட திரும்பிட்டாண்ணே."

வருத்தம் செய்தி ஆசிரியரிடம் போனார். "சார், முதல் பக்கத்துத் தப்பை முதல் பக்கத்துலயே சொல்லிடலாமே?"

"மன்னிப்பெல்லாம் ஒரு செய்தியாய்யா? வழக்கமான எடத்துல வருந்து."

"அதை யாரும் படிக்கமாட்டாங்க சார்."

"அதுக்குத்தானேய்யா அந்த எடம்!"

வழக்கப்படி வருந்திவிட்டு ராசிபலன் எழுத உட்கார்ந்தார். யாரும் சரிபார்க்காத, ஆனால் எல்லோரும் படிக்கிற பகுதி அது ஒன்றுதான்.

புதன் காலை, மேஷம் முதல் மீனம் வரை ஒரே பலன்: 'திங்களன்று முதல் பக்கத்தில் நீங்கள் பார்த்தது திருடியின் படம் அல்ல. அவர் மார்க்கெட் பின்புறத் தையல்காரர். தவறு எங்களுடையது. அவரிடம் துணி கொடுக்க உகந்த நாள்.' கும்பத்துக்கு மட்டும் கூடுதலாக வயிற்று உபாதை. முதலாளிக்குக் கும்ப ராசி.

ஆசிரியர் குதித்தார். "பன்னெண்டுக்கும் ஒரே பலனாய்யா?"

"பதினெட்டு வருஷத்துல எழுதுன ஒரே உண்மை சார். யாருக்கும் இல்லேன்னு சொல்ல மனசு வரலை."

ராசிபலனைப் பிடுங்கி விளையாட்டுச் செய்தியாளரிடம் கொடுத்தார்கள். இப்போதெல்லாம் எல்லா ராசிக்காரர்களும் கடைசி நிமிடத்தில் ஜெயிக்கிறார்கள்.

அந்தப் புதன்கிழமை மாலையே வருத்தம் தையல் கடைக்குப் போனார். "நான் ரிஷபம், எனக்கு முதல்ல தைச்சுக் குடும்மா" என்று ஒருவர் வாதாடிக்கொண்டிருந்தார். உள்ளே, வெட்டி விழுந்த துண்டுத் துணிகளுக்கு நடுவில் இரண்டு சிறுமிகள் உட்கார்ந்திருந்தார்கள்.

அச்சிலேயே வருந்திப் பழகியவருக்கு நேரில் வாய் எழவில்லை. அந்த அம்மாள் அவர் சட்டையைப் பார்த்தார்; பொத்தான் ஒன்று நூலில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அசையாம நில்லுங்கண்ணே" என்று ஊசியை எடுத்தார்.

நின்றார்.