நாலு சொட்டு வெனிலா

போன வாரம் உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். என் மைத்துனர் அங்கே ஹெட்மாஸ்டர். ஊர்ப் பெயர் சொல்ல மாட்டேன். மதியம் பிள்ளைகளுக்குச் சமைத்துப்போடும் அம்மாளின் நிஜப் பெயரும் எஸ்தர் இல்லை. சொன்னால் அவர் பிழைப்பு போய்விடும்.

பால் பவுடர் மூட்டை மழையில் நனைந்திருந்தது. மேற்பார்வைக்கு ஜீப்பில் வந்த அதிகாரியிடம் எஸ்தர் சொன்னார்:

“பூசணம் பூத்து கீது சார். புள்ளைங்களுக்கு வாந்தி பேதி ஆவும்.”

அதிகாரி பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்தார்.

“நாலு சொட்டு விடு. வெனிலா. ஆர்க்கிட் பூவோட வாசனை. இஷ்டமில்லேன்னா சொல்லு, வேற ஆள் பாத்துக்கறேன்.”

பூவாம், வாசனையாம்! பிற்பாடு ஒரு கெமிஸ்ட்ரி வாத்தியாரைக் கேட்டேன். அந்த மணம் பூவில் கிடையாதாம். காயை மாதக்கணக்கில் பதப்படுத்தினால்தான் வெனிலின் என்கிற சரக்கு பிறக்குமாம். இந்த மாதிரிப் புட்டியில் இருப்பதோ, மரக்கூழ்க் கழிவிலிருந்து ஃபாக்டரியில் செய்தது. ஐயா ஆர்க்கிட்டைக் கண்டாரா, காயைக் கண்டாரா?

எஸ்தர் பவுடரை அண்டாவில் கரைத்து நாலு சொட்டு விட்டார். அடடா... மெட்ராஸ் ஐஸ்கிரீம் கடை வாசனை! வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கே நாக்கில் எச்சில் ஊறியது.

முதல் டம்ளரை அதிகாரியிடம் நீட்டினார் எஸ்தர்.

“நீங்க குடிங்க சார். அப்பால புள்ளைங்களுக்கு ஊத்தறேன்.”

அதிகாரி மோந்து பார்த்தார். “எனக்குப் பால் ஒத்துக்காது.”

டம்ளர் மைத்துனரிடம் போனது. அவருக்கு அன்று விரதமாம். காலையில் என்னோடு உட்கார்ந்து நாலு இட்லி தின்ற விரதம்! அடுத்து என்னிடம் வந்தது. நான்... சட்டென்று வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டேன். மூன்று படித்த மனிதர்கள். தூ!

“உங்களுக்கே ஆவாதது புள்ளைங்களுக்கு இன்னாத்துக்கு?”

அண்டாவை அப்படியே வாய்க்காலில் கவிழ்த்தார் எஸ்தர். அதிகாரியின் முகம் சிவந்துவிட்டது. வேலை போயிற்று என்றே நினைத்தேன். எஸ்தரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்.

ஆனால் பாலைக் கொட்டியதாக எழுதினால், மூட்டையை நனையவிட்டது யார் என்று மேலிடத்தில் தன்னையே கேட்பார்களே? அதிகாரி யோசித்தார். பார்வைப் புத்தகத்தில் எழுதினார்: “பால் வழங்கப்பட்டது. மணம் நன்று.”

வழங்கிய பாலைக் கொட்டியதாக யாரை வேலையை விட்டு நீக்குவது? எஸ்தர் இன்றும் அங்கேதான் சமைக்கிறார்.

அதிகாரி எழுதிய பொய் ஓர் ஏழையின் வேலையைக் காப்பாற்றி நான் பார்த்தது இதுதான் முதல் தடவை!