நீச்சல் தெரியாத ஆமை

எங்கள் அப்பாவுக்குத் தண்ணீரைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை. குறைந்தபட்சம் அவர் அப்படி நம்பினார், அவரைப் பார்த்து நாங்களும் நம்பினோம். குத்தாலத்துக்குத் தெற்கே காவிரிப் பாசனத்தில் இருக்கிற எங்கள் ஊரில் எந்த மடையைத் திறந்தால் எந்த வயலில் எத்தனை விரல் தண்ணீர் நிற்கும், வடிகால் எந்த மழைக்கு வடியாமல் எதிர்த்துக்கொள்ளும் என்பதெல்லாம் அவருக்கு உட்கார்ந்த இடத்திலேயே தெரியும். தண்ணீரை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு ஒரு குணம் உண்டு. உலகத்தில் எந்த உயிருக்கு என்ன கோளாறு வந்தாலும், முதலில் அதற்குத் தண்ணீர் பற்றவில்லை என்றுதான் நினைப்பார்கள். ஆமை விஷயத்தில் நாங்கள் சறுக்கியதும் அதனால்தான்.

அந்த வருடம் ஆவணியில் சித்தப்பாவுக்குக் கல்யாணம் நடந்தது. அவர் மினி லாரி வைத்திருந்தார். இங்கே அறுவடை முடிந்ததும் வைக்கோலை ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டைப் பக்கம் போவார். வானம் பார்த்த பூமி அது, மாடுகள் எங்கள் வைக்கோலுக்காகக் காத்திருக்கும். வைக்கோல் இறக்கப் போன ஒரு வீட்டில் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தார் என்று ஊரில் சொன்னார்கள். எப்படியோ, சித்தி வந்து சேர்ந்தாள். எங்களோடு ஒரே வீட்டில்தான் இருந்தாள். அம்மாவோடு அளவாகப் பேசுவாள், என்னோடு நிறையப் பேசுவாள், அப்பாவோடு பேசவே மாட்டாள். அவர் கூடத்துக்கு வந்தால் இவள் அடுக்களைக்குள் போய்விடுவாள்.

தலை தீபாவளிக்கு இருவரும் அதே லாரியில்தான் போனார்கள். போன வண்டி சும்மா திரும்பக் கூடாது என்பது சித்தப்பாவின் கொள்கை. மாமனார் வீட்டு விருந்து முடிந்த கையோடு ஒரு லோடு முந்திரி விறகு ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். வாசலில் விறகை இறக்கும்போது புதுப்பட்டுப் புடவையோடு சித்தி வண்டியின் பின்பக்கமே நின்றுகொண்டிருந்தாள். அம்மா காபி குடிக்கக் கூப்பிட்டும் போகவில்லை. பாதி விறகு இறங்கியபோது மூலையில் கிடந்த சாக்குக்கு அடியில் ஏதோ நகர்ந்தது. சித்தப்பா சாக்கை விலக்கினார். ஆமை. என் இரண்டு கையையும் சேர்த்து வைத்தால் கொள்ளும் அளவு, கறுத்த முதுகில் மேடு மேடாக மஞ்சள் நட்சத்திரங்கள்.

"பாரேன், மாமனார் சீர் முழுசா வரலையேன்னு நெனச்சேன். பின்னாலயே அனுப்பி வச்சிருக்காரு" என்றார் சித்தப்பா.

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஆமை பூந்த வீடும் அமீனா பூந்த வீடும் வெளங்காதும்பாங்க. கொண்டுபோயி வாய்க்கால்ல விடுங்க தம்பி" என்றாள்.

"அமீனா வந்தா அவனையும் சேத்தே விட்டுடலாம் அண்ணி. புள்ளைக்குக் காட்டிட்டுப் போறேன்" என்று சொல்லி ஆமையை என் கையில் கொடுத்துவிட்டார். அதைத் திருப்பிப் பார்த்தேன். அடிவயிற்றில் பட்டாணி அளவுக்கு நீல நிறத்தில் ஒரு புள்ளி இருந்தது. மனிதர்களுக்கு மச்சம் கறுப்பு, ஆமைக்கு நீலம் போலிருக்கிறது என்று முடிவுசெய்துகொண்டேன். அப்போது எனக்கு ஒன்பது வயது, எல்லாவற்றையும் நானே முடிவுசெய்துகொள்வேன்.

விட மாட்டேன் என்று அழுது சாதித்தேன். அம்மா கடைசியில், வீட்டுக்குள் நுழையக் கூடாது, கொல்லையோடு சரி என்றாள். கொல்லையில் துணி துவைக்கத் தண்ணீர் பிடித்து வைக்கும் சிமெண்ட் தொட்டி இருந்தது. ஒரு சாண் தண்ணீர் நிரப்பினேன். ஆமைக்கு வீட்டு நினைப்பு வரக்கூடாதே என்று வாய்க்காலில் இருந்து ஆகாயத்தாமரை பறித்துவந்து போட்டேன். பிறகு அதை உள்ளே விட்டேன். அது நாலு காலையும் அடித்துக்கொண்டு சுவரில் ஏறப் பார்த்தது, வழுக்கி விழுந்தது, மறுபடி ஏறியது. குஷியாக நீந்துகிறது என்று கைதட்டினேன். வயலுக்குக் கிளம்பிய அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி பத்தாது, இன்னும் ரெண்டு வாளி ஊத்து" என்றார்.

சித்தி அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். ஈரக்கையோடு தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பாவைப் பார்க்காமல், ஆனால் அவரிடம்தான், "மாமா, இது தண்ணி ஆமை இல்ல. இதுக்கு நீச்சல் தெரியாது" என்றாள். சித்தி அப்பாவிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அப்பா மண்வெட்டியைத் தோளில் மாற்றிக்கொண்டார். கோபப்படவில்லை, சிரித்தார். "மீன் குஞ்சுக்கு நீந்தக் கத்துத் தரணுமாம்மா? ஆமைன்னா தண்ணிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊர் ஆமைகளெல்லாம் வாய்க்கால் சேற்றில் பிறந்து வாய்க்கால் சேற்றிலேயே கிடப்பவை. இன்னொரு வகை இருக்கும் என்று நினைக்க அவருக்கு ஒரு காரணமும் இருந்ததில்லை. அவர் சொன்னபடி நான் இரண்டு வாளி ஊற்றினேன். அவர் தலை மறைந்ததும் சித்தி தொட்டிக்குள் கையை விட்டு ஆமையைத் தூக்கிவிட்டாள். அதற்குள் அது தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொள்வதற்கே திணறிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் அதற்கு மூக்கு ஒழுகியது. ஆமைக்குச் சளி பிடிக்கும் என்று சொன்னால் இன்றைக்கும் சிலர் நம்புவதில்லை. நான் பார்த்திருக்கிறேன். மூக்கில் சின்னச் சின்னக் குமிழியாக வந்து உடையும். கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்கும். வெளியே ஐப்பசி அடைமழை, வீட்டுச் சுவரே வியர்த்துக்கொண்டிருந்தது. அது எதையும் தின்னவில்லை. இரண்டு வாளி ஊற்றியது நான்தானே என்று எனக்கு உள்ளுக்குள் பயம். செத்துப்போனால் சித்தி என்னோடு பேசமாட்டாள் என்று நினைத்து அழுதேன். சித்தி திட்டவில்லை. "பொழச்சுக்கும். காயணும், அவ்வளவுதான்" என்றாள்.

எங்கள் வீட்டில் காய்ந்த இடம் என்று ஒன்றைத் தேடுவது பெரும்பாடு. சித்தி கொல்லை முழுக்கச் சுற்றிவந்து வைக்கோல் போரின் கிழக்குப் பக்கத்தைப் பிடித்தாள். போர் நனையாமல் இருக்க மேடு கட்டியிருக்கும், காலையில் முதல் வெயில் அங்கேதான் விழும். மழை அடிக்காமல் ஒரு தகரத்தைச் சாய்த்து, உள்ளே உடைந்த சிமெண்ட் குழாய் ஒன்றைப் போட்டாள். நாய் வராமல் சுற்றிலும் செங்கல் அடுக்கினாள். கோழிக்குஞ்சுக்கு மாட்டுவது போல ஒரு குண்டு பல்பு. எல்லாம் சரி, தரைதான் ஒத்துவரவில்லை. எங்கள் மண் களிமண், ஒரு தூறல் போட்டால் பிசுபிசுக்கும். அடுத்த முறை சித்தப்பா அந்தப் பக்கம் போனபோது சித்தி இரண்டு மூட்டைச் செம்மண் கேட்டாள். அவரும் கொண்டுவந்து இறக்கினார்.

ஊரே சிரித்தது. காவிரிக் கரைக்கு வெளியூரிலிருந்து மண் கொண்டுவருவது கொல்லர் தெருவில் ஊசி விற்கிற கதைதானே. "உன் பொண்டாட்டி ஊர்ல மண்ணயும் சீரா குடுக்குறாங்களா?" என்று டீக்கடையில் சித்தப்பாவைக் கேட்டார்களாம். அவர் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை. செம்மண்ணைக் கையாலேயே நிரவிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு எனக்கும் சித்திக்கும் அதுவே வேலையாகப் போயிற்று. வெயில் வந்தால் தகரத்தை விலக்க வேண்டும், மேகம் கறுத்தால் மூட வேண்டும். ஈரச் சாக்கை எடுத்துவிட்டுக் காய்ந்த சாக்குப் போட வேண்டும். சோறு வைக்கக் கூடாது. நான் ஒருநாள் ஆசையாகத் தயிர்சாதம் வைத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். அருகம்புல், முருங்கைக்கீரை, செம்பருத்திப் பூ. அதையும் உடம்பு சூடேறிய பிறகுதான் வைக்க வேண்டும், குளிரில் தின்றால் செரிக்காது. வாரம் ஒருநாள் நல்ல வெயிலில் தாம்பாளத்தில் வெதுவெதுப்பான தண்ணீரை ஒரு விரல் உயரம் ஊற்றி, அதில் கொஞ்ச நேரம் நிற்க வைப்பாள். அப்பா ஒருமுறை அதைப் பார்த்துவிட்டார். "நான் அப்பவே சொன்னேன்ல, தண்ணி வேணும்னு" என்றார். சித்தி ஆமாம் என்று தலையாட்டினாள். வெள்ளிக்கிழமை தோறும் அதை உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்ப்பாள். கனம் குறையாமல் இருந்தால் அன்றைக்கு அவள் முகம் நன்றாக இருக்கும்.

கார்த்திகை முடிவில் மூக்கு ஒழுகுவது நின்றது. ஆனால் மார்கழி இன்னும் பாக்கி இருந்தது. பனி இறங்கினால் காலை எட்டு மணிக்கும் எதிர் வயல் தெரியாது. ஒருநாள் அது குழாய்க்குள் தலையை இழுத்துக்கொண்டு கல் போலக் கிடந்தது. தட்டினேன், அசையவில்லை. செத்துவிட்டது என்று வீடே கேட்கும்படி அலறினேன். சித்தி சித்தப்பாவின் முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேலே போட்டுக்கொண்டு இருமிக்கொண்டே வந்தாள். அவளுக்கும் அந்த மாதம் முழுவதும் சளிதான். கால் விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். "இந்தக் காத்து அவளுக்கு ஒத்துக்கல" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். சித்தி ஆமையை எடுத்துச் சட்டைக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு வைக்கோல் போரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பத்து மணி வாக்கில் வெயில் வந்தது. வெயில் வந்து கொஞ்ச நேரம் கழித்து அது ஒரு காலை வெளியே நீட்டியது. நான் கத்திய கத்தலில் அப்பாவே வந்து பார்த்தார், அம்மாவும் வாசற்படி வரைக்கும் வந்தாள்.

பொங்கல் கழிந்ததும் சித்தி அதைக் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றாள். நான் தரையில் உருண்டேன். அதற்குள் அப்பாவுக்கும் அதன் மேல் ஒரு பிடிப்பு வந்திருந்தது. தினமும் வயலிலிருந்து வரும்போது ஒரு பிடி அருகம்புல் கொண்டுவருவார். "எதுக்கும்மா? ஒரு மார்கழி தாண்டிடுச்சு. இனிமே இந்த ஊரு பழகிடும்" என்றார்.

"பழகாது மாமா" என்றாள் சித்தி. இந்த முறை அவரைப் பார்த்தே சொன்னாள்.

வைக்கோல் லோடோடு கிளம்பினோம். வழியில் வனத்துறை ஆட்கள் யாராவது ஆமையைப் பார்த்தால் வம்பு என்று சித்தப்பா பயந்தார். அதனால் அது சித்தியின் மடியில் துண்டுக்கு அடியில் கிடந்தது. சித்தியின் பிறந்த வீட்டுக்கு நான் போவது அதுதான் முதல் தடவை. செம்மண் முற்றம், ஒரு பக்கம் முள்வேலி, நீலப் பெயிண்ட் அடித்த கதவு. சித்தி முற்றத்தில் ஆமையை இறக்கிவிட்டாள். அது கொஞ்ச நேரம் தலையை நீட்டிப் பார்த்தது. பிறகு நேராக நடந்தது. எங்கள் வீட்டில் அது அப்படி நடந்து நான் பார்த்ததே இல்லை. முற்றத்தைக் குறுக்காகக் கடந்து, ஆட்டுக்கல்லைச் சுற்றி, துவைக்கிற கல்லுக்கு அடியில் அதன் அளவுக்கே பறித்து வைத்த மாதிரி இருந்த ஒரு பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

சித்தியின் அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தவர் அப்படியே நின்றார். "கொண்டுபோகாதடின்னு அன்னைக்கே சொன்னேன்ல. விறகுக்கு அடியில வச்சு எடுத்துட்டுப் போனியே, கேட்டியா?" என்றார். சித்தி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதெல்லாம் என் காதில் விழுந்தது. இன்றைக்கும் ஒரு சொல் மாறாமல் நினைவிருக்கிறது. ஆனால் அன்றைக்கு நான் அதைக் காது கொடுத்துக் கேட்கவில்லை. முன்பின் பார்த்திராத வீட்டில் ஒரு ஆமை தனக்கு ஏற்ற இடத்தைத் தானே கண்டுபிடித்த அதிசயத்தில் இருந்தேன். திரும்பும் வழியெல்லாம் லாரியில் அதே பேச்சுதான். "எப்புடி சித்தி அதுக்கு வழி தெரிஞ்சிச்சு?" என்று பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன். "அதுக்குத் தெரியும் பாப்பா" என்றாள். பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் இந்தக் கதையைச் சொல்லிப் பேர் வாங்கினேன். அப்பாவும், "ஆமைக்குப் புத்தி ஜாஸ்தி" என்று ஒத்துக்கொண்டார்.

தகரத்தையும் குழாயையும் அப்புறப்படுத்தியபோது, அந்தச் செம்மண்ணை அள்ளிக் குப்பைக்குழியில் கொட்டிவிடலாமே என்று அம்மா கேட்டாள். "கெடக்கட்டும்க்கா" என்றாள் சித்தி. மறுநாள் காலை வெயில் வந்ததும் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு வைக்கோல் போரின் கிழக்குப் பக்கம் போனாள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, புண் ஆறாத இரண்டு காலையும் அந்தச் செம்மண்ணில் நீட்டி உட்கார்ந்தாள். நான் பள்ளிக்கூடப் பையோடு போய் எதிரே நின்றேன்.

"ஆமதான் போயிடுச்சே சித்தி, இந்த மண்ணு இனிமே யாருக்கு?" என்று கேட்டேன்.