வாழைக்கு வைத்த தண்ணீர்

அழுக்குத் துணிக்கு மரியாதை இருந்த தெரு எங்கள் தெரு. சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் மதிலுக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருந்தோம். அந்தப் பக்கம் இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் ஒரு கம்பெனி. காலையில் போட்ட கோலத்தின் மேல் பத்து மணிக்குள் கறுப்பாக ஒரு தூள் படிந்துவிடும். காயவைத்த வடகம் மிளகு தூவியது போலாகிவிடும். உடைந்த ரேடியோவிலிருந்து எடுத்த காந்தம் ஒன்று என்னிடம் இருந்தது. அதைத் தெருமண்ணில் இழுத்துக்கொண்டு போனால் அந்தத் தூள் மீசை மீசையாக ஒட்டிக்கொள்ளும். எனக்கு அது விளையாட்டு. இரண்டு வயதுத் தம்பிக்கு மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சில் விசில் அடித்தது, அம்மாவுக்கு அது விளையாட்டில்லை.

வீட்டுக்கு வீடு மழைநீர்த் தொட்டி கட்டச் சொல்லி அரசாங்கம் விரட்டிய காலம். எங்கள் தெருவில் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து மகளிர் குழு நடத்தினார்கள், அம்மாதான் தலைவி. தொட்டி கட்டியதோடு அவர்கள் நிற்கவில்லை. கடைக்குத் துணிப்பை எடுத்துப்போக வேண்டும், காய்கறித் தோலைக் குழியில் போட்டு எருவாக்க வேண்டும் என்று சட்டம் மேல் சட்டம். அதிலும் பெரிய சட்டம், துணி துவைத்த தண்ணீரை வீணாக்காமல் வாழைக்கு ஊற்ற வேண்டும் என்பது. பிள்ளைகளான நாங்கள்தான் போலீஸ். யார் வீட்டுத் தண்ணீராவது தெருவில் ஓடினால் அந்த வாசலில் நின்று கத்துவோம்.

அதிகம் மாட்டியவர் என் அப்பா. மதிலுக்கு அந்தப் பக்கக் கம்பெனியிலேயே காண்ட்ராக்ட் வேலை அவருக்கு. ஷிப்ட் முடிந்து வந்ததும் காக்கிச் சட்டையை அலசி, வாளியைத் தெருவில் கவிழ்ப்பார். நான் கத்தினால், "வாழை உன்னான்ட வந்து கேட்டுச்சா?" என்பார்.

தூளைப் பற்றிக் குழு எழுதிய மனுக்களுக்குப் பதிலே இல்லை. அரசாங்க ஆபீசுக்கு நேரில் போய்க் கேட்டபோது, ஆதாரம் இல்லாமல் மனுவை வாங்க முடியாது என்றார்கள். அம்மா வீட்டுக்கு வந்து பழைய வெள்ளை வேட்டிகளை முழம் முழமாகக் கிழித்தாள். பன்னிரண்டு வீட்டுக் கொடியிலும் ஆளுக்கொரு துண்டு. ஒரு மாதத்துக்கு யாரும் கை வைக்கக் கூடாது என்பது கட்டளை. மழை எட்டிப் பார்க்காத மாசி மாதம் அது. வெள்ளை சாம்பலாகி, சாம்பல் கறுப்பானது. துவைக்கத் துப்பில்லாத பொம்பளைகள் என்று அடுத்த தெருவில் கேலி பேசினார்கள். எதிர்வீட்டு அத்தை அவர்களை நிறுத்தி வைத்து, "நல்லா பாத்துக்கோ, நீ மூக்குல இழுக்கறதும் இதத்தான்" என்று சொல்லி அனுப்புவாள்.

கடைசியில் ஓர் அதிகாரி வருவதாகச் சொல்லியனுப்பினார். அன்று காலை பன்னிரண்டு துணிகளும் எங்கள் வீட்டுக் கூடைக்கு வந்து சேர்ந்தன. அவரை அழைத்து வர அம்மாவும் மற்றவர்களும் மெயின்ரோட்டுக்குப் போய்விட்டார்கள். வீட்டில் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். அப்பா கூடையைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"ஆபீசர் வர்ற நேரத்துல இன்னா இது, இவ்ளோ அழுக்கா? எல்லாத்தையும் தோச்சிப் போட்டுடு கண்ணு."

எனக்கு எட்டு வயது. பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்‌ஷன் என்றால் முதல் நாளே சீருடையைத் துவைத்து இஸ்திரி போட்டு வரச் சொல்வார்கள். அதிகாரி என்பவர் அழுக்கைக் காட்டக் கூடாத ஆள் என்றுதான் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அப்பா சொன்னது நியாயமாகப் பட்டது. அண்டாவில் துணிகளை ஊறப்போட்டு, சோப்பைத் தேய்த்துக் கும்மு கும்மென்று கும்மினேன். வேறொரு வாளியில் சொட்டு நீலம் கூடப் போட்டேன். உள்ளே போன அப்பா வாசற்படியில் நின்று, திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "தண்ணிய மட்டும் கொட்டிடாத. வாழைக்கு ஆவும்."

குழு அதிகாரியோடு வந்து சேர்ந்தபோது, பன்னிரண்டு துணிகளும் எங்கள் கொடியில் ஈரம் சொட்டச் சொட்ட, நீலம் பூத்த வெள்ளையில் ஆடிக்கொண்டிருந்தன. பாராட்டுவார்கள் என்று நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எதிர்வீட்டு அத்தைதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அடிப்பாவி, ஒரு மாசத்தையே கழுவிட்டியேடி!"

அதிகாரி சிரித்தார். "என்னம்மா, துணியெல்லாம் பளிச்சுனு இருக்கு. இதப் பாக்கவா இவ்ளோ தூரம் வரச் சொன்னீங்க?" என்று சொல்லி ஜீப்பின் பக்கம் திரும்பினார். அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கே உறைத்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அம்மா என்னை அடிக்கவில்லை. "தோச்ச தண்ணிய இன்னா பண்ண?" என்று மட்டும் கேட்டாள். அண்டாவைக் காட்டினேன். அம்மா கொடியிலிருந்து ஒரு துணியை உருவி வாளியின் வாயில் கட்டினாள். ஜீப்பின் முன்னால் போய் நின்று, "கொஞ்சம் இருங்க சார், வடிகட்டுனதும் போலாம்" என்றாள். அவள் நின்ற இடத்தைப் பார்த்தால் ஜீப் கிளம்புவதாக இல்லை. இரண்டு பேர் அண்டாவைத் தூக்கிச் சாய்த்தார்கள். தண்ணீர் இறங்க இறங்கத் துணியின் மேல் கறுப்புக் களி ஒன்று சேர்ந்தது. அம்மா அதைக் கையால் வழித்து, ஒரு தட்டில் போட்டு அவர் முன்னால் நீட்டினாள்.

அதிகாரி குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "அடுப்புக் கரியக் கரைச்சாலும் இப்படித்தாம்மா இருக்கும்."

எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கு நினைத்தாலும் கை பரபரக்கிறது. நான் தோள்பட்டை நோகத் துவைத்த அழுக்கை அடுப்புக் கரி என்பதா? பாவாடைப் பையிலிருந்து காந்தத்தை எடுத்து அந்தக் களியில் அமுக்கித் தூக்கினேன். அதற்கு அடர்த்தியாக மீசை முளைத்திருந்தது. அதை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"எங்க ஊட்டு அடுப்புல இரும்பா சார் வேவுது?" என்றாள் அம்மா.

அதிகாரி கையை நீட்டினார். மனுவை வாங்கினார். வாங்கியதற்குக் கையெழுத்துப் போடாமல் அவரை ஜீப்பில் ஏறவிடவில்லை பன்னிரண்டு பேரும். சில மாதங்களில் கம்பெனி புகைபோக்கிக்கு வடிகட்டி மாட்டியது, அதை அதிகாரிகள் வரும் நாளில் மட்டும் ஓட்டியது. அதனால் என்ன, நாங்களும் துணி கட்டுவதை நிறுத்தவில்லை. எங்கள் கொடியில் இன்றைக்கும் ஒன்று கறுத்துக்கொண்டிருக்கிறது, கட்டியவள் நான்.

அப்பாவை அடுத்த வாரமே வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள். அந்தத் துணிகள் அதிகாரியின் கண்ணில் பட்டால் வேலை போய்விடும் என்று முந்தின நாள் கம்பெனியில் அவரை மிரட்டியிருந்தார்களாம். அம்மா அதை எனக்குச் சொன்னது நான் கல்லூரிக்குப் போன பிறகுதான். கம்பெனி சொன்னதை அவர் செய்தார். கூடவே, வாழ்க்கையில் ஒரு நாளும் வாழையை நினைக்காத மனிதர், தண்ணீரைக் கொட்டாதே என்றும் சொன்னார்.

அன்று எனக்கு அந்த மிரட்டல் தெரியாது. தெரிந்ததெல்லாம் அப்பா திருந்திவிட்டார் என்பதுதான். ஜீப் போன புழுதி அடங்குவதற்குள் தெருவுக்கு ஓடி, மதிலோரமாகக் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்த ஷிப்ட் ஆட்களிடம் பெருமையாகக் கத்தினேன். "எங்கப்பாதான் தண்ணிய கொட்ட வேணாம்னாரு! அவரும் குழுவுல சேந்துட்டாரு!"

அதிகாரிக்கும் ஜீப்புக்கும் அசராத அம்மா, முகம் வெளிறி ஓடி வந்து என் வாயை ஏன் பொத்தினாள் என்று எனக்குப் புரியவில்லை.