கோழி டாக்டருக்கு ஒரு போன்

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு கோழிப்பண்ணை. சித்திரை வெயில் ஏறிவிட்டால் என் வீட்டுக்காரர் கோழிகளைக் கவனிக்கிற கவனிப்பைப் பார்த்து எனக்கே பொறாமையாக இருக்கும். ஷெட்டின் கூரையை நனைப்பார். புகை மாதிரி தண்ணீர் தெளிக்கிற ஃபாகரை ஓடவிடுவார். குடிக்கிற தண்ணீரில் குளுக்கோஸ் கலப்பார். தான் மட்டும் காலையில் குடித்த ஒரு டீயோடு, தலையில் துண்டுகூட இல்லாமல் உச்சிவெயிலில் திரிவார்.

போன வருஷம் ஒரு மத்தியானம் தண்ணீர்த் தொட்டி ஓரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகம் செக்கச் சிவந்திருந்தது. பதற்றத்தில் அவர் போனை எடுத்து ‘டாக்டர்’ என்றிருந்த நம்பரை அழுத்தினேன். பண்ணைக்காரர் போனில் டாக்டர் என்றால் கோழி டாக்டர்தான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

“ஒடம்பு அனலாக் கொதிக்குதுங்க. மூச்சு வாங்குதுங்க. எந்திரிக்க முடியலீங்க.”

“எத்தன உழுந்திருக்குதுங்க?”

“ஒண்ணுதானுங்க. எனக்கு இருக்கறதே ஒண்ணுதானுங்க.”

“நெழலுக்குத் தூக்கிட்டுப் போயி நல்லாத் தண்ணி தெளிங்க. எடை எவ்வளவு இருக்குமுங்க?”

“எம்பது கிலோ இருக்குமுங்க.”

எம்பது கிலோவா என்று அந்தப் பக்கம் ஒருதரம் திருப்பிக் கேட்டார்.

“ஏனுங்க, அது யாருங்க?”

“எங்கூட்டுக்காரருங்க.”

அவர் குரல் மாறியது. “மொதல்ல பேச்சுக் குடுத்துப் பாருங்க. பேச்சு கொழறுனா ஒடனே ஆம்புலன்ஸக் கூப்புடோணும்.”

பேச்சுக் கொடுத்தேன். இவர் கண்ணைத் திறந்து, “ஃபாகரு ஓடுதா?” என்று கேட்டார்.

“தெளிவாத்தானுங்க இருக்காரு.”

“அப்ப அந்த ஃபாகருக்குக் கீழயே படுக்க வைங்க. உப்பும் சர்க்கரையும் போட்டுத் தண்ணி கொஞ்சங் கொஞ்சமாக் குடுங்க. அப்பறம் நேரா ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க.”

வேலைக்கு வந்திருந்த அக்காவும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்து ஷெட்டுக்குள் படுக்க வைத்தோம். கூண்டுகளில் இருந்த கோழிகளெல்லாம் கழுத்தை நீட்டி இவரைப் பார்த்தன. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி, சாயங்காலமே அனுப்பிவிட்டார்கள். கொஞ்ச நாளைக்குத் தினமும் வெயில் தாழும்வரை வெளியே போகக்கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். இவரும் மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் கோழிகளுக்கு ஊசி போட வந்த டாக்டர், முதலில் இவருடைய கண்ணிமையைத்தான் தூக்கிப் பார்த்தார்.

“மனுசனப் பாக்கறதுக்கு நான் படிக்கலீங்க,” என்று சொல்லிக்கொண்டே நாக்கையும் நீட்டச் சொன்னார்.

இவர் அடக்கமாக நீட்டினார்.