நடுத்தூணில் இரண்டு ஹாரன்

காலை முதல் பஸ்ஸில் ஆற்றைக் கடக்கும் ஜோடிகளை ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். இஸ்திரி கலையாத சட்டை, புதுச் செருப்பு, முன்பின் தெரியாதவர்கள்போல் ஆளுக்கொரு மூலை. இக்கரை மாநிலத்தில் வேற்று மதத்தார் மணந்தால் சிறை, அக்கரையில் தடையில்லை. ஒரே ஆறுதான். அந்தத் தண்ணீர் யாருக்கும் மதம் பார்த்துப் புரையேறியதில்லை. சட்டம் எழுதிய புத்திசாலிகளுக்கு மட்டும் பாலத்தின் நடுத்தூணில் நியாயம் மாறிவிடும்.

போகும்போது அந்தத் தூணருகே ஓட்டுநர் இரண்டு ஹாரன் அடிப்பார். இனி சேர்ந்து உட்காரலாம். மாலையில் திரும்பும்போது அதே இடத்தில் மறுபடி இரண்டு. செக்போஸ்ட் வருகிறது, பிரிந்துகொள்ளுங்கள்.

"மாப்ளே, கொஞ்சினது போதும், எந்திரி!" என்பார் நடத்துநர். பஸ்ஸே சிரிக்கும். என்ன பஸ் அது, என்ன சிரிப்பு!

ஒருநாள் ஓட்டுநரே புதுச் செருப்போடு பயணியாக ஏறினார். மறுமூலையில் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கும் பெண். மாலையில் நடுத்தூண்வரை கணவன் மனைவியாகத் திரும்பினார்கள். அதற்கப்புறம் ஊருக்கு அவர் கீழ்வீடு, அவள் மாடிவீடு. தலை நரைக்கும்வரை அப்படித்தான்.

போன வருடம் அவருக்கு நெஞ்சுவலி வந்தபோது, "நீங்க யாரு?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். "மாடிவீடு" என்றாள். வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

பிறகு ஒருவழியாக அந்தச் சட்டம் செத்தது. நடக்கவிருந்த நெஞ்சு ஆபரேஷனுக்கு முன் அவளைத் தன் மனைவி என்று பதிந்துவிட அவர் துடித்தார். பதிவாளரோ சுலபமாகச் சொன்னார்: "ரெண்டு பேரும் மணமாகாதவர்னு கையெழுத்துப் போட்டு, புதுசா கல்யாணம் பண்ணிக்குங்க."

"அப்போ இவரோட இத்தனை வருஷம் குப்பை கொட்டினேனே, அது?"

"பழசு செல்லணும்னா அக்கரை ஆபீஸ்ல கல்யாணப் பதிவு நகல் வாங்கிட்டு வரணும்மா."

வெளியே வந்ததும் ஓட்டுநர் கெஞ்சினார். "ஒரு கையெழுத்துதானே, போட்டுத் தொலையேன்."

"தப்பு பண்ணினது சட்டம். நம்ம கல்யாணம் பொய்னு நான் எதுக்குங்க எழுதித் தரணும்?"

மறுநாள் இருவரும் முதல் பஸ் ஏறினார்கள்.

மாலையில் நகலோடு திரும்பினார்கள். நடுத்தூணருகே ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வர, அன்று பஸ்ஸை ஓட்டியவர் இரண்டு ஹாரன் அடித்தார். அவள் சட்டென்று பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"எங்க போறே?" ஓட்டுநர் கையைப் பிடித்தார்.

அவள் விழித்தாள். சிரித்தாள். கண் கலங்க உட்கார்ந்தாள். "பாழாப்போன பழக்கம்."

"ஆஸ்பத்திரியில கேட்டா என்ன சொல்லுவே?"

"கேக்கட்டும். அதுக்குத்தான் காத்திருக்கேன்."

செக்போஸ்ட் இருந்த கொட்டகையில் யாரோ பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். பஸ் நிற்காமல் போயிற்று.