கல்லாறு எபிசோடு

அத்திம்பேர் டிவி பார்க்கிறவர் இல்லை என்ற தைரியத்தில்தான் அவரை எழுத ஆரம்பித்தேன்.

மலையாளச் சேனல் ஒன்றில் ஓடும் குடும்பக் காமெடித் தொடருக்கு எழுதுகிறவர்களில் நானும் ஒருத்தி. தம்பானூரில் ஒரு லாட்ஜ் அறையில் நாலு பேர் உட்கார்ந்து எழுதுவோம். கதையில் வரும் வீட்டுக்கு ஒரு அம்மாவன், அதாவது தாய்மாமன், அடிக்கடி வந்து எல்லோருடைய உயிரையும் எடுக்கவேண்டும் என்று முடிவாயிற்று. எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அக்காவின் கணவர், எங்கள் அத்திம்பேர், நினைவுக்கு வந்தார்.

அவரும் அக்காவும் அதே ஊரில் கோட்டைக்குள் இருக்கிறார்கள். ஞாயிறுதோறும் கரமனைக்கு, நானும் அம்மாவும் இருக்கும் வீட்டுக்கு வருவார்கள். செருப்பைக் கழற்றியதும் அத்திம்பேர் நேராகச் சமையலறைக்குப் போய் ஒவ்வொரு பாத்திரத்தின் மூடியையும் தூக்கிப் பார்ப்பார். "சாம்பார்ல புளி தூக்கலாக்கும். கூட்டு குழைஞ்சு போச்சு. நான் ஒண்ணும் சொல்லலை." தொடரில் அம்மாவனும் மூடிகளைத் தூக்கினார், குறை சொன்னார், ஒன்றும் சொல்லவில்லை என்றார். சில மாதங்களில் எங்கள் தெருப் பிள்ளைகள் அதைச் சொல்லிக்கொண்டு கிரிக்கெட் ஆடினார்கள்.

ஒரு ஞாயிறு, அத்திம்பேரின் கை ரசப் பாத்திரத்தின் மூடிவரை போய், அப்படியே திரும்பி வந்தது.

அன்று முழுவதும் அவரைக் கவனித்தேன். சாப்பிடும்போது, "நான் ஒண்ணும்..." என்று ஆரம்பித்து நிறுத்தி, மோர் கேட்டார். அவரைத்தான் எழுதுகிறேன் என்று அம்மா சொல்லிவிட்டாளோ? "நான் எதுக்குடி சொல்றேன், எனக்கு அந்த மலையாளமே பாதி புரியறதில்லை" என்றாள் அம்மா. அக்காவோ போனில் எப்போதும்போலப் பேசினாள். எப்போதும்போலப் பேசியதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. கிளம்பும்போது அத்திம்பேர், "வேலையெல்லாம் நன்னா போறதோ?" என்று கேட்டார். அவர் என் வேலையைப் பற்றி அதுவரை விசாரித்ததே இல்லை.

சோதித்துப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன். அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ஒன்றை எழுதினால், அவர் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

அப்படி ஒன்று என்னிடம் இருந்தது. அதற்கு முந்தைய வருஷம் அம்மா, அக்கா, அத்திம்பேர், நான் நாலு பேரும் வாடகைக் காரில் பொன்முடி மலைக்குப் போனோம். கல்லாற்றில் சாயா குடிக்க நிறுத்தினோம். மலைப் பாதையின் வளைவுகள் அதற்குமேல்தான் ஆரம்பம். அதற்குள்ளேயே அத்திம்பேர் வெளுத்துப் போயிருந்தார். "ஆத்துல தண்ணி எவ்வளவு இருக்குன்னு பார்த்துட்டு வரேன்" என்று தனியாக இறங்கிப் போனார். கை கழுவப் போன நான், பாறைக்குப் பின்னால் அவர் குனிந்து வாந்தி எடுப்பதைப் பார்த்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவர் என்னையும் பார்த்தார். திரும்பி வந்து, "தண்ணி கம்மிதான்" என்று அக்காவிடம் சொன்னார். மேலே போகும்வரை கண்ணை மூடிக்கொண்டு, தூங்குகிறவர்போல உட்கார்ந்திருந்தார். என்ன வீம்பு மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

இதை அப்படியே அம்மாவனுக்குக் கொடுத்தேன். நடிகர் அட்டகாசமாகச் செய்தார். லாட்ஜ் அறையில் எங்கள் தலைமை எழுத்தாளர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

அடுத்த ஞாயிறு அத்திம்பேர் வந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. அம்மாவும் அக்காவும் கோயிலுக்குப் போனபிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்தக் கல்லாறு எபிசோடு பார்த்தேன்."

"நீங்க டிவி பார்க்க மாட்டேளே?"

"ஒங்கக்கா பார்க்கறா. நான் பக்கத்துல பேப்பர் படிச்சிண்டிருப்பேன்." உடனே விஷயத்துக்கு வந்தார். "மத்ததெல்லாம் சரி. அது மட்டும் சரியில்லை, கேட்டியோ. அந்த ஆள் கௌரவத்துக்காக மறைக்கறான்னு எழுதியிருக்காய்."

"பின்னே எதுக்காம்?"

"ஒங்கக்காக்கு ஆபரேஷன் ஆகி அதுதானே முதல் தடவை வெளியில போனது? ஆறு மாசம் கட்டில்லயே கெடந்தா. எனக்கு ஒடம்புக்கு முடியலைன்னு தெரிஞ்சா, வண்டியைத் திருப்புங்கோன்னுடுவா. மஞ்சு பார்க்கணும், மஞ்சு பார்க்கணும்னு எத்தனை நாளாச் சொல்லிண்டிருந்தா!"

மஞ்சு என்றால் மலைமேல் இறங்கும் பனிமூட்டம். மேலே போனதும் அக்கா அந்தப் பனிக்குள் நடந்து போய் நின்றது எனக்கு ஞாபகம் வந்தது. அந்த ஆபரேஷனும் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் எழுதும்போது இரண்டையும் சேர்த்து யோசிக்கவே இல்லை.

முகம் சுட்டது. இருந்தாலும் என் புத்தி சும்மா இருக்கவில்லை. இவர், தன்னைத்தான் நான் எழுதுகிறேன் என்று தெரிந்துகொண்டவர். தன் பாத்திரத்துக்குக் கொஞ்சம் நல்ல பேர் வாங்கப் பார்க்கிறாரோ?

மறுநாள் அக்காவைக் கூப்பிட்டுச் சுற்றிவளைத்துக் கேட்டேன்.

"அதைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரிச்சேன்" என்றாள். "அப்பறம் பார்த்தா இவர் சிரிக்கவே இல்லை. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. அன்னிக்கு ஒங்களுக்கும் அப்படித்தான் ஆச்சான்னு கேட்டேன். இல்லவே இல்லைங்கறார், இன்னிவரைக்கும். நீ ஏதாவது பார்த்தியா?"

"இல்லையே" என்றேன். இந்த ஒரு விஷயத்தில் நானும் அவர் கட்சி ஆகிவிட்டேன்.

அதற்கடுத்த வாரம் அத்திம்பேர் இன்னொன்று கேட்டார். கொல்லைப்புறத்தில் வெயிலுக்குக் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"அந்த அம்மாவனுக்கு ஆத்துக்காரி ஒருத்தி வராளே, அவ ஊமையா?"

"ஏன்?"

"இத்தனை எபிசோடு ஆச்சு. சாயா கொண்டுவரா, போறா. அவ்வளவுதான்."

பழைய ஸ்கிரிப்டுகளை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. அத்திம்பேரின் தும்மலைக்கூட எழுதியிருந்தேன். என் சொந்த அக்காவுக்கு "சரி", "வாங்க" தவிர வசனம் இல்லை. என்னைச் சுற்றி இருப்பவர்களில் வேடிக்கையானவர்கள் மட்டும்தான் என் கண்ணில் பட்டிருக்கிறார்கள். அக்கா எதற்குச் சிரிப்பாள், எதற்குக் கோபப்படுவாள் என்று எழுத உட்கார்ந்தபோது, உறுதியாக இரண்டு வரி எழுத முடியவில்லை. அவளுக்குத்தான் போன் செய்தேன். ஒரு மணி நேரம் பேசினாள். தினமும் கூப்பிட ஆரம்பித்தேன். நான்காம் நாள், "இப்ப எதுக்கு இதெல்லாம் கேட்கறாய்?" என்று அவளும் சந்தேகப்பட்டாள். உண்மையைச் சொன்னேன். "புடவை மட்டும் நல்லதாக் கட்டிவிடச் சொல்லு" என்றாள்.

அம்மாவனின் மனைவிக்கு முதல்முறையாக ஒன்றரைப் பக்கம் வசனம் எழுதினேன். கணவனோடு ஒரு சண்டை, முழுதும் அவள் பக்கம். அதை அனுப்பிய மறுநாள் அந்த வேஷம் போடுகிற நடிகை எனக்குப் போன் செய்தார். வயதானவர், தொடர்களில் பல வருஷம் நடித்து, ஒரு பாத்திரத்தை முடிக்கும் முன்தான் நீள வசனம் தருவார்கள் என்று கண்டவர்.

"மோளே, உள்ளதைச் சொல்லணும். திடீர்னு எனக்கு எதுக்கு இவ்வளவு டயலாக்? என்னைச் சாகடிக்கப் போறீங்களா?"

இல்லை, சத்தியமாக இல்லை என்றேன். அவர் நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.